கல்லின் இயற்கைக் காப்புப் படலம்

கல்லின் இயற்கைக் காப்புப் படலம் என்பது, திறந்தவெளியில் நெடுங்காலம் நிற்கும் கற்கட்டடங்கள், சிற்பங்கள், பாறைகள் ஆகியவற்றின் மேற்பரப்பில் தானாகவே உருவாகி, அடியிலுள்ள கல்லை மழை, காற்று, உப்பு, அமிலம் முதலியவற்றின் தாக்குதலிலிருந்து ஓரளவு காக்கும் மெல்லிய கனிமப் படிவு ஆகும். இதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. நிறம் வெளிர்மஞ்சள் தொடங்கிக் காவி, பழுப்பு, கருமை வரை வேறுபடும். அழுக்கு என்று தவறாகக் கருதப்பட்டு உலகின் பல இடங்களில் இப்படலம் சுரண்டி நீக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் வீச்சு முறையால் நேர்ந்த இழப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பெயரும் வரையறையும்

செப்பு, வெண்கலப் பொருள்களின் மீது காலப்போக்கில் படியும் பசுமை நிறப் பூச்சைக் குறிக்கும் 'பட்டினா' என்னும் இத்தாலியச் சொல், பின்னர் கல்லின் மேற்பரப்பு மாற்றத்துக்கும் வழங்கலாயிற்று. இத்தாலியப் பளிங்குக் கட்டடங்களில் காணப்படும் காவிநிறப் படலத்துக்கு 'ஷால்பத்தூரா' என்னும் தனிப்பெயரும் உண்டு.

கல்லின் மேல் படிவன எல்லாம் காப்புப் படலம் ஆகா. நகரக் கட்டடங்களின் மழை படாத மூலைகளில் தடித்து வளரும் கரும்படிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து அதனை ஜிப்சமாக மாற்றுகின்றது. அந்த ஜிப்சத்தில் கரித்துகள்கள் சிக்கிக் கருமை உண்டாகின்றது. ஜிப்சம் நீரில் எளிதாகக் கரைவது. அன்றியும், அது உருவாகும்போதே அடியிலுள்ள கல்லைத் தின்றுதான் உருவாகின்றது. எனவே அது காப்பு அன்று, நோய். கோயில் திருமேனிகளின் மீது திருமுழுக்கினால் சேரும் எண்ணெய்ப் பிசுக்கும் கனிமப் படலம் அன்று. கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது என்பதே இத்துறையின் முதன்மையான சிக்கல்.

ஆக்சலேட்டுப் படலம்

காப்புப் படலங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது கால்சியம் ஆக்சலேட்டுப் படலம் ஆகும். 1853 ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், ஏதென்சு நகரின் பார்த்தினன் கோயில் பளிங்கின் மீதிருந்த படிவை ஆராய்ந்து, அது கால்சியம் ஆக்சலேட்டு என்று கண்டார். கிரேக்கக் கலை அறிஞரான பிரீட்ரிக் தியர்ஷ் என்பவரின் பெயரால் அப்படிவு 'தியர்ஷைட்டு' எனப்பட்டது. இப்பெயர் இன்று வழக்கில் இல்லை.

இக்கனிமம் இரு வடிவங்களில் காணப்படுகின்றது. ஒரு நீர் மூலக்கூறு கொண்டது ஹியூவெலைட்டு. இரு நீர் மூலக்கூறுகள் கொண்டது வெடலைட்டு. முன்னது ஆங்கில அறிஞர் வில்லியம் ஹியூவெல் பெயரையும், பின்னது அண்டார்க்டிகாவின் வெடல் கடலையும் கொண்டு பெயரிடப்பட்டன. வெடல் கடலின் அடிச்சேற்றிலிருந்தே வெடலைட்டு முதலில் கண்டறியப்பட்டது. இவை நமக்குப் புதியவை அல்ல. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இவ்விரு கனிமங்களால் ஆனவை. சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாவில் அரிப்பை உண்டாக்குவதற்கும் அவற்றிலுள்ள ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் காரணமாகின்றன.

இப்படலம் கல்லைக் காப்பதன் காரணத்தைக் கரைதிறன் கொண்டு விளக்கலாம். ஒரு லிட்டர் தூய நீரில் கால்சியம் ஆக்சலேட்டு சுமார் 7 மில்லிகிராம் அளவே கரையும். பளிங்கு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் முதன்மைக் கனிமமான கால்சைட்டு சுமார் 14 மில்லிகிராம் கரையும். ஜிப்சமோ 2 கிராமுக்கும் மேல் கரையும். தூய நீரில் முதல் இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே எனத் தோன்றலாம். ஆனால் மழைநீர் தூய நீர் அன்று. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகவே விழுகின்றது. அந்நீரில் கால்சைட்டு பன்மடங்கு மிகுதியாகக் கரைகின்றது; ஆக்சலேட்டு அவ்வாறு கரைவதில்லை. நகரக் காற்றிலுள்ள கந்தக, நைதரசன் சேர்மங்களால் மழையின் அமிலத்தன்மை கூடும்போது இவ்வேறுபாடு மேலும் பெரிதாகின்றது.

உரோமில் கிபி 113 இல் எழுப்பப்பட்ட திராயான் தூண் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. இத்தூணின் புடைப்புச் சிற்பங்களில் ஆக்சலேட்டுப் படலம் எஞ்சிய பகுதிகளில் உளியின் நுண்ணிய தடங்களும் காணக்கிடைக்கின்றன. படலம் போன இடங்களில் பளிங்கு சர்க்கரை போல் உதிர்கின்றது.

தோற்றம் குறித்த விவாதம்

இப்படலம் எவ்வாறு தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. 1989 ஆம் ஆண்டில் மிலான் நகரில் இதற்கெனவே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு கூட்டப்பட்டது என்பதிலிருந்து விவாதத்தின் அளவை உணரலாம்.

ஒரு சாரார் இதனை உயிரினங்களின் விளைவு என்பர். பாறைகளில் ஒட்டி வளரும் லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிரி. இதன் பூஞ்சைப் பகுதி ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றது. அவ்வமிலம் கல்லிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து கரையாத ஆக்சலேட்டாகப் படிகின்றது. மனிதர் கை படாத இயற்கைப் பாறைகளிலும் இப்படலம் காணப்படுவது இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. எனினும், கல்லை அரிக்கும் உயிரினமே கல்லுக்குக் காப்பையும் அளிக்கின்றது என்பது முரண்போல் தோன்றும். லைக்கனின் வேரிழைகள் கல்லின் துகள்களைப் பிரித்துத் தீங்கு செய்வதும் உண்மை. அது மடிந்தபின் எஞ்சும் படிவு காப்பாவதும் உண்மை. எது மிகும் என்பது கல்லின் வகையையும் தட்பவெப்பத்தையும் பொறுத்தது.

மற்றொரு சாரார், பண்டைய கைவினைஞர் பளிங்கின் மீது பூசிய பால், முட்டை, எண்ணெய், மெழுகு முதலிய கரிமப் பொருள்கள் நாளடைவில் ஆக்சிசனேற்றம் அடைந்து ஆக்சலேட்டாக மாறின என்பர். கட்டடத்தின் சில பகுதிகளில் மட்டும், தூரிகையால் பூசியது போன்று சீராகப் படலம் அமைந்திருப்பதை இவர்கள் சான்றாகக் காட்டுவர். படலத்தில் சில இடங்களில் பாசுபேட்டும் கலந்திருப்பது பால் அல்லது எலும்புப் பொருள் பூசப்பட்டதைக் குறிக்கலாம். எல்லாப் படலங்களுக்கும் ஒரே தோற்றம் தேட வேண்டியதில்லை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் நிலை.

ஆக்சலேட்டில் கார்பன் இருப்பதால் அதனைக் கதிரியக்கக் கார்பன் முறையில் காலக்கணிப்புச் செய்ய இயலும். ஆத்திரேலியப் பாறை ஓவியங்களின் மேலும் கீழும் படிந்த ஆக்சலேட்டுப் படலங்களைக் கொண்டு ஓவியங்களின் காலத்தை வரையறுக்கும் முயற்சிகள் நடந்துள்ளன.

பிற படலங்கள்

கால்சியம் மிகுந்த கற்களில் ஆக்சலேட்டு முதன்மை பெறுவது போல், கருங்கல் முதலிய சிலிக்கேட்டுப் பாறைகளில் இரும்பு, மாங்கனீசு, சிலிக்கா ஆகியவற்றின் படலங்கள் முதன்மை பெறுகின்றன.

பாறை மெருகு எனப்படுவது இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண் கனிமங்களும் சேர்ந்த கருநிறப் படலம். பாலைவனங்களில் இது சிறப்பாகக் காணப்படுகின்றது. அலெக்சாண்டர் ஃபொன் அம்போல்ட்டு 1800 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்று அருவிகளில் கருங்கல் பாறைகள் கரிபூசியது போல் பளபளத்ததை விவரித்தார். 1832 இல் பிரேசிலின் பாகியா கடற்கரையில் சார்லசு டார்வினும் இத்தகைய பாறைகளைக் கண்டு எழுதினார். பாறை மெருகு ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மைக்ரோமீட்டர் அளவே வளர்கின்றது. ஆகவே ஒருமுறை நீக்கினால் மனித வரலாற்றின் கால அளவில் அது திரும்ப வராது எனலாம்.

தமிழகத்துக் குன்றுகளில் மழைநீர் வழியும் தடங்களில் கருங்கோடுகள் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இவற்றைப் பாறை மெருகு என எண்ணுதல் கூடாது. வெப்பமண்டலக் கருங்கற் குன்றுகளில் இத்தகைய கோடுகள் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகளின் குடியிருப்புகளே.

மேற்பரப்பு இறுகுதல் என்பது சற்று வேறுபட்ட நிகழ்வு. இங்குப் பூச்சுப்போல் ஒன்று வெளியிலிருந்து படிவதில்லை; கல்லுக்குள் கரைந்த கனிமங்கள் ஈரத்துடன் மேற்பரப்புக்கு வந்து, ஈரம் உலரும்போது அங்கேயே தங்கித் தோலை இறுக்குகின்றன. தென்னிந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவுடையது செம்பூரான்கல். 1800–01 இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், கேரளத்தின் அங்காடிப்புரத்தில் நிலத்திலிருந்து மண்போல் எளிதாக வெட்டியெடுக்கப்பட்ட இக்கல், காற்றுப்பட்டதும் செங்கல்லினும் உறுதியாக இறுகுவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்டு' என்னும் பெயரை இட்டார். இவரது பயணநூல் 1807 இல் வெளியானது. கண்ணூரின் செயிண்ட் ஏஞ்சலோ கோட்டை இக்கல்லால் கட்டப்பட்டது. இறுகிய தோல் உடைந்தால் உள்ளிருக்கும் மென்பகுதி விரைவில் அரிபடும். குழிவிழுந்த செம்பூரான் சுவர்கள் பலவற்றில் இதனைக் காணலாம்.

தமிழ்நாட்டில்

தமிழகக் கோயில்களின் கல், பேச்சுவழக்கில் கருங்கல் என ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அதனுள் கிரானைட்டு, நைசு, சார்னோக்கைட்டு எனப் பல பாறைகள் அடங்கும். இவற்றுள் சார்னோக்கைட்டு சென்னைக்கு உரியது. கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்திலுள்ள சோப் சார்னோக்கின் கல்லறைக் கல் பல்லாவரம் பகுதியிலிருந்து சென்றது என்பதைக் கண்ட தாமசு ஆலந்து, 1893 இல் இப்பாறைக்கு அவரது பெயரைச் சூட்டினார்.

கருங்கல்லில் கார்பனேட்டு இல்லாமையால் மழைநீர் அதனைப் பளிங்கைப் போல் கரைப்பதில்லை. ஆயினும் அதுவும் மாறுகின்றது. பெல்சுபார் என்னும் கனிமம் மெல்லக் களிமண்ணாக மாற, கருமைக் கனிமங்களிலிருந்து விடுபடும் இரும்பு ஆக்சிசனேற்றமுற்றுக் கற்பரப்பில் காவிநிறத் தோலாகத் தங்குகின்றது. புதிதாக உடைத்த கருங்கல் சாம்பல் நிறமாகவும், அதே கல்லின் பழைய முகம் பழுப்பாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

மாமல்லபுரத்தில் இத்தோலுக்குக் கடும் எதிரி கடலுப்பு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், காற்றில் வரும் உப்பு நீருடன் கல்லின் நுண்துளைகளுள் புகுந்து, நீர் உலரும்போது படிகமாகி விரிகின்றது. அவ்விரிவின் அழுத்தத்தால் மேற்பரப்பு பொறைப்பொறையாகக் கழன்று விழுகின்றது. அங்கே சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிகழும் இச்செயலே காரணம். உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. அலைதாக்கத்தைத் தடுக்கக் கற்கள் குவிக்கப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நீரில் ஊறவைத்த காகிதக் கூழைக் கல்லின் மீது அப்பி, அது உலரும்போது உப்பை உறிஞ்சி வெளியேற்றும் முறையைக் கையாண்டு வருகின்றனர். இம்முறையின் சிறப்பு, உப்பு மட்டும் வெளியேறுகின்றது, தோல் இருந்த இடத்திலேயே இருக்கின்றது என்பதாகும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிச் சிற்பங்கள் கருங்கல் அல்ல, பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். 1845 இல் வால்டர் எலியட்டு அகழ்ந்தெடுத்தவை சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுச் சில காலம் வெட்டவெளியில் கிடந்தன. பின்னர் அவற்றுள் பெரும்பகுதி இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்ட பலகைகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிமெண்டு கொண்டு பதிக்கப்பட்டன. சிமெண்டிலுள்ள கரையும் உப்புகள் பின்புறமிருந்து கல்லுக்குள் ஊடுருவக்கூடியவை. முகப்பில் எத்துணை நல்ல படலம் இருந்தாலும், பின்னிருந்து வரும் உப்பை அது தடுக்க இயலாது. சில வேளைகளில் படலத்தின் அடியிலேயே உப்பு திரண்டு அதனைத் தள்ளிவிடும்.

இதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் சு. பரமசிவன், 1930களில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களை ஆராய்ந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். ஈரச்சுண்ணாம்பின் மீது நிறங்கள் தீட்டப்பட்டன என்பது பரமசிவனின் முடிவு. இவ்வாறு தீட்டும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கால்சைட்டாகி, நிறத்துகள்களைத் தன்னுள் பூட்டிக்கொள்கின்றது. இதுவும் ஒரு கனிமப் படலமே; மனிதர் தொடங்கிவைக்க, காற்று முடித்துக்கொடுக்கும் படலம்.

சென்னைச் சுண்ணச்சாந்தும் இத்தகையதே. கோபாலபுரத்துக்கு அருகில் கதீட்ரல் சாலையில் 1815 இல் கட்டப்பட்ட புனித சியார்ச்சு பேராலயத்தின் தூண்கள் இதற்கு நல்ல சான்று. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, தயிர், நெய் முதலியன சேர்த்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். பளிங்கு என்று ஐரோப்பியப் பயணிகள் மயங்கும் அளவுக்குச் சென்னைச் சாந்தின் மெருகு புகழ் பெற்றிருந்தது. இச்சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையது. இத்தகைய பழைய சுவர்களின் மீது இன்றைய செயற்கைப் பிசின் வண்ணங்களைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்து உப்பிக் கழன்றுவிடும்.

படலம் அழிக்கப்பட்ட நிகழ்வுகள்

இத்துறையில் அதிகம் பேசப்படும் நிகழ்வு இலண்டனில் நடந்தது. பார்த்தினன் சிற்பங்களுக்குப் புதிய காட்சிக்கூடம் கட்ட நிதி வழங்கிய டுவீன் பிரபு, சிற்பங்கள் வெண்மையாக இருக்கவேண்டும் என விரும்பினார். 1937–38 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பணியாளர்கள் செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்னும் கடினத் தேய்பொருளாலும் அவற்றைத் தேய்த்தனர். 1938 செப்டம்பரில் இது அருங்காட்சியக நிருவாகத்தின் கவனத்துக்கு வருவதற்குள் பல சிற்பங்களின் காவிநிறத் தோல் போய்விட்டிருந்தது. 1999 இல் அருங்காட்சியகமே இதுபற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியது. கிரேக்கப் பளிங்கு பால்வெண்மையானது என்னும் பிழையான நம்பிக்கையே இவ்வழிவின் வேர். அச்சிற்பங்கள் பண்டைக் காலத்தில் வண்ணம் தீட்டப்பட்டவை.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததற்கும் ஏறத்தாழ இதே மனநிலை காரணம். குடமுழுக்குக்கு முன்பு கோயிலைப் புதிதுபோல் ஆக்கவேண்டும் என்னும் விருப்பத்தால், அழுத்தக் காற்றுடன் மணலைப் பீய்ச்சிச் சுவர்களைத் துலக்கும் மணல் வீச்சு முறை பல கோயில்களில் கையாளப்பட்டது. பல நூற்றாண்டுச் சுண்ணாம்புப் பூச்சையும் எண்ணெய்க் கரியையும் இது சில நாள்களில் நீக்கியது. மணலுக்கு அழுக்கு எது, தோல் எது என்று தெரியாது. காவித்தோல் போனபின் படிகங்களின் விளிம்புகள் வெளிப்பட்டுப் பரப்பு சொரசொரப்பாகின்றது. சொரசொரப்பான பரப்பு நீரையும் தூசியையும் முன்னினும் மிகுதியாகப் பிடித்துவைக்கின்றது. ஆகவே துலக்கிய சுவர் விரைவிலேயே முன்னைவிட அழுக்காகத் தோன்றுவதும், மீண்டும் துலக்கப்படுவதும் உண்டு.

இதில் மீட்க முடியாத இழப்பு கல்வெட்டுகளுக்கே. கோயில் சுவர்களில் உள்ள எழுத்துகள் ஆழம் குறைந்தவை. ஓரிரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் படிக்க இயலாது போகும். 1886 இல் ஊல்சு கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றது முதல் எடுக்கப்பட்ட மைப்படிகள் இருக்கும் இடங்களில் வாசகமாவது எஞ்சும். படியெடுக்கப்படாத கல்வெட்டு தேய்ந்தால் அந்த ஊரின் நிலக்கொடை, நீர்ப்பங்கீடு, வரி பற்றிய ஒரே ஆவணம் மறைந்ததாகிவிடும். தொல்லியலாளர்களும் ஆர்வலர்களும் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்ததன் பயனாக இந்து சமய அறநிலையத் துறை இம்முறைக்குத் தடை விதித்தது. 2017 இல் யுனெஸ்கோ வல்லுநர் குழு தமிழகக் கோயில் திருப்பணிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தது. 2021 சூன் மாதத்தில் அந்நீதிமன்றம் மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 75 வழிகாட்டுதல்களை வழங்கியது.

மணல் வீச்சுக்கு மாற்று இல்லாமல் இல்லை. நீர்த்த அம்மோனியாக் கரைசல், மின்னேற்றமற்ற அழுக்குநீக்கி, மென்மையான தூரிகை ஆகியவற்றைக் கொண்டு தொல்லியல் துறையினர் நெடுங்காலமாகத் தூய்மை செய்து வருகின்றனர். இம்முறைக்கு நாளும் கூலியும் மிகுதி. திருவிழாத் தேதி குறித்தபின் தொடங்கும் பணிகளில் இது தள்ளப்படுவதற்கு அறியாமையைவிட அவசரமே பெரும் காரணம் எனத் தோன்றுகின்றது.

செயற்கையாக உருவாக்கும் முயற்சிகள்

20 ஆம் நூற்றாண்டில் கல்லைக் காக்கச் செயற்கைப் பிசின்கள் பூசப்பட்டன. இவை தொடக்கத்தில் நன்கு பயன்பட்டாலும், வெயிலில் மஞ்சளித்து, ஈரத்தை உள்ளே அடைத்து, தோலோடு சேர்ந்து உரிந்தன. அசந்தாவில் 1920களின் தொடக்கத்தில் இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களின் மீது பூசிய அரக்கு பின்னாளில் மஞ்சளாகிக் கருத்தது இவ்வகைப் பட்டறிவுகளுள் ஒன்று. இதன்பின் இயற்கைப் படலத்தையே பின்பற்றும் எண்ணம் வலுத்தது.

புளோரன்சு நகரில் மவுரோ மத்தேயினி முதலியோர் அம்மோனியம் ஆக்சலேட்டுக் கரைசலைக் கூழில் கலந்து சுண்ணாம்புச் சுவரோவியங்களுக்கும் பளிங்குக்கும் பூசும் முறையை உருவாக்கினர். கரைசல் கால்சைட்டுடன் வினைபுரிந்து அதன் மேற்பரப்பைக் கால்சியம் ஆக்சலேட்டாக மாற்றுகின்றது, அம்மோனியா ஆவியாகிவிடுகின்றது. நுண்துளைகள் அடைபடுவதில்லை. பிரான்சில் 1993 இல் துவார் நகரின் புனித மெடார்து தேவாலயக் கோபுரத்தில், கால்சைட்டைப் படியவைக்கும் பாக்டீரியாக்களைக் கல்லின் மீது தெளித்து வளர்க்கும் முறை கையாளப்பட்டது. சீனாவில் செசியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழங்கற்களின் இயற்கை ஆக்சலேட்டுப் படலங்களை ஆராய்ந்து, அவற்றை ஒத்த படலங்களைச் செயற்கையாக வளர்த்துள்ளனர். 2023 இல் வெளியான மற்றோர் ஆய்வு, சீனப் பெருஞ்சுவரின் மண் பகுதிகளில் பாசி, லைக்கன் போர்வை மூடிய இடங்கள் மூடாத இடங்களைவிட உறுதியாக இருப்பதைக் காட்டியது.

இம்முறைகளுள் ஆக்சலேட்டு மாற்றம் கால்சியம் கார்பனேட்டு உள்ள கல்லில் மட்டுமே நிகழும். அமராவதிச் சுண்ணாம்புக்கல்லுக்கும் தஞ்சையின் சுண்ணச் சுவருக்கும் இது கொள்கையளவில் பொருந்தும். கருங்கல்லில் வினைபுரியக் கால்சைட்டு இல்லை. அதன் இரும்புத் தோலை மீண்டும் வளர்க்கும் நடைமுறை வழி எதுவும் பாதுகாப்பாளர்களின் கையில் இல்லாததால், தமிழகக் கோயில்களைப் பொறுத்தவரை இருக்கும் தோலைத் தொடாமல் விடுவதே இன்றுள்ள பாதுகாப்பு முறை.